பால் வாங்க பக்கத்து நாட்டுக்கு: ஆகன் நகரத்துல ஒரு ஸ்டூடண்டோட வாரமும் ஞாயித்துக்கிழமையும்

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "அண்ணா, 2026 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெர்மனி ஆகன்ல வந்து இறங்குறேன், மாஸ்டர்ஸ் பண்ண. அங்க டெய்லி லைஃப் எப்படி? இன்ஸ்டால பாக்குற மாதிரி வாராவாரம் பாரிஸ், ஸ்விட்சர்லாந்துன்னு சுத்த முடியுமா, இல்ல எல்லாம் பில்டப்பா?"

பாதி பில்டப் தான் தம்பி. மீதிப் பாதி உண்மை, ஆனா அது இன்ஸ்டால வராத ரகம். நான் இதே ஊர்ல மாஸ்டர்ஸ் முடிச்சு இப்ப இங்கயே வேலைல இருக்கேன், அதனால ஆகன் கதையவே சொல்றேன், மத்த ஊரு பசங்க அவங்க ஊருக்கு மாத்திப் படிச்சுக்கோங்க.

நான் வந்து இறங்கினது 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை ராத்திரி. பெட்டி நிறைய அம்மா கட்டிக் குடுத்த பருப்புப்பொடி, கருவேப்பிலைப்பொடி, ஊறுகாய் எல்லாம் இருக்கு, ஆனா பொடி போட்டுப் பிசைய ஒரு பிடி அரிசி இல்ல. சரி காலைல வாங்கிக்கலாம்னு தூங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல பெரிய பையா எடுத்துகிட்டு வெளிய வந்தா தெரு முழுக்க ஷட்டர், ஒரு கடை கூட திறக்கல, பஸ் மட்டும் காலியா ஓடுது, நம்ம ஊர்ல பெரிய தலைவர் யாராவது போய்ட்டா ஊரே எப்படி அடங்கிடும், அந்த மாதிரி. யார் செத்தாங்கன்னு நிஜமாவே போன்ல தேடினேன். யாரும் சாகல, இங்க ஞாயிறுன்னா அப்படித்தான். ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்னு ஜெர்மனியோட பழைய 1919 வைமார் அரசியல் சட்டத்துல எழுதி வச்சத இன்னைக்கு இருக்குற சட்டத்துலயும் அப்படியே சேர்த்து வச்சிருக்காங்க. சில பேக்கரி மட்டும் காலைல கொஞ்ச நேரம் திறக்கும், பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல கடை இருக்கும், அவ்ளோதான். சரி திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு முறுக்கு தின்னுட்டு படுத்தா, திங்கக்கிழமை அக்டோபர் 3. ரெண்டு ஜெர்மனியும் 1990ல ஒன்னு சேர்ந்த நாள், நாடு முழுக்க லீவு. மறுபடியும் ஷட்டர்.

அன்னைக்கு ஹாஸ்டல் கிச்சன்ல கோயம்புத்தூர் அக்கா ஒருத்தங்க என் மூஞ்சியப் பாத்துட்டு கேட்டாங்க, "பால் இல்லையா? அதுக்கா இப்படி உக்காந்திருக்க, பஸ் ஏறி வால்ஸ் போயிட்டு வா, அங்க கடை இருக்கும்." வால்ஸ்னா ஏதோ பக்கத்து ஏரியான்னு நினைச்சேன். "அது நெதர்லாந்து டா"ங்குறாங்க. டவுன் பஸ்ல இருபது நிமிஷம். எனக்கு பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போகும்போதே கை நடுங்குது, வாகா பார்டர் மாதிரி கேட்டு, கம்பிவேலி, துப்பாக்கியோட ஆளுங்கன்னு மனசுல ஓடுது. பஸ் பாட்டுக்குப் போகுது, போன்ல மட்டும் நெதர்லாந்துக்கு வரவேற்கிறோம்னு ஒரு மெசேஜ். அங்க சூப்பர்மார்க்கெட் திறந்து கிடக்கு, ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்குமாம், ஆகன்காரங்க பாதி பேரு அங்கதான் நிக்கிறாங்க. பால், முட்டை, ஒரு கிலோ வெங்காயம், அரிசி வாங்கிட்டு வந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, "அப்பா, வெளிநாடு போய் வெங்காயம் வாங்கிட்டு வந்தேன்"னு சொன்னா, அப்பா நிதானமா "நீ இருக்குறதே வெளிநாடுதானடா"ன்னாரு.

ஊர் சுத்துறதுன்னு நான் ஆரம்பிச்சதே இப்படித்தான். இங்க வாரக்கடைசிங்குறது எவ்ளோ சின்னதுன்னு புரியணும்னா மத்த நாள் எப்படி ஓடுதுன்னு முதல்ல சொல்லணும்.

கிளாஸ்ல பெரும்பாலும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க. கேக்க சந்தோஷமா இருக்கும், அதான் பொறி. நிறைய சப்ஜெக்ட்ல இன்டர்னல் மார்க், அசைன்மென்ட் மார்க்னு தாங்கிப் பிடிக்க ஒன்னும் கிடையாது, கடைசில ஒரு பரீட்சை, அதான் நூத்துக்கு நூறும். எங்க யூனிவர்சிட்டில ஒரு பேப்பர மூணு தடவைதான் எழுத முடியும், மூணாவதும் போச்சுன்னா அந்தப் படிப்பே போச்சு. முதல் செமஸ்டர் குளிருக்கு இழுத்துப் போத்திட்டு தூங்கினவன் நான், பிப்ரவரில லைப்ரரில இடம் பிடிக்க காலைல எட்டு மணிக்கு முன்னாடி போய் நின்னேன், அப்படியும் ஒரு பேப்பர்ல ஃபெயில். மார்க்கும் தலைகீழ், 1.0 தான் டாப், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். 2.3 வாங்கிருக்கேன்னு பெருமையா சொன்னேன், அம்மா அத பத்துக்குன்னு நினைச்சு ரெண்டு நாள் சரியா பேசல. ப்ரொஃபஸர் பாடம் முடிச்சதும் கை தட்ட மாட்டாங்க, எல்லாரும் முட்டியால டெஸ்க்கத் தட்டுவாங்க, முதல் நாள் ஏதோ கலாட்டான்னு பயந்துட்டேன்.

மதியம் யூனிவர்சிட்டி கேன்டீன், இங்க அதுக்குப் பேரு மென்சா. வெஜ் சாப்பிடுறவங்களுக்கும் கண்டிப்பா ஏதாவது இருக்கும், ஆனா உருளைக்கிழங்க எத்தனை அவதாரத்துல பாக்கலாம்னு மென்சால போய்த்தான் தெரிஞ்சுக்கணும். ராத்திரி நம்ம சமையல். எங்க ஃப்ளோர்ல 12 பேருக்கு ஒரு கிச்சன், நான், ஒரு துருக்கிக்காரன், ரெண்டு சீனாக்காரப் பசங்க, மிச்சம் ஜெர்மன்காரங்க. காஞ்ச மிளகாயும் கடுகும் தாளிச்சா மேல இருக்குற ஸ்மோக் அலாரம் கத்தும், கதவ சாத்திட்டு ஜன்னல முழுசா திறந்து வச்சுத்தான் சாம்பார் தாளிக்கணும், வெளிய மைனஸ் டிகிரியா இருந்தாலும் சரி. இட்லி மாவு டிசம்பர்ல சத்தியமா பொங்காது. ஓவன சூடு பண்ணாம உள்ள லைட்ட மட்டும் போட்டு பாத்திரத்த வச்சு விட்டா காலைல பொங்கிடும், இல்லன்னா ஹீட்டர் பக்கத்துல துண்டு சுத்தி வைக்கணும். ஒரு தடவ அந்தத் துருக்கிப் பையன் பீட்சா போட ஓவன ஆன் பண்ணி என் மாவ அப்படியே பேக் பண்ணிட்டான், பாவம் அவனுக்கு என்ன தெரியும். கொத்தமல்லி, பச்சமிளகாய், வெண்டைக்காய்க்கு துருக்கிக் கடை. துவரம்பருப்பு, கருவேப்பிலைக்கு இலங்கைத் தமிழர் கடை, சின்ன ஊர்ல கூட எங்கயாவது ஒன்னு இருக்கும்.

குப்பை ஒரு தனி சப்ஜெக்ட். பேப்பருக்கு ஒன்னு, பேக்கிங் கவருக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்கு ஒன்னு, மிச்சத்துக்கு ஒன்னு, கண்ணாடி பாட்டில்னா தெருமுனைத் தொட்டில கலர் வாரியா பிரிச்சுப் போடணும், அதையும் ஞாயித்துக்கிழமை போடக் கூடாது, சத்தம் வருமாம். ஞாயிறு அன்னைக்கு டிரில் போடுறதும் தப்பு, வாக்யூம் கிளீனர் போட்டா பக்கத்து வீட்டு ஆச்சி கதவத் தட்டும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, வாங்கும்போதே 25 சென்ட் டெபாசிட் பிடிச்சிருப்பாங்க, கடைல இருக்குற மெஷின்ல போட்டா சீட்டு வரும். மாசக் கடைசில மூட்டை கட்டிட்டுப் போய், பழைய பேப்பர் போடுற மாதிரி, அந்தக் காசுல பிரெட்டும் பாலும் வாங்கினது நான் மட்டும் இல்ல.

காசு விஷயம் சுருக்கமா. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டிருப்பீங்க, அது மாசம் 992ஆ கைக்கு வரும். ரூம் வாடகை, 140க்கு மேல ஹெல்த் இன்சூரன்ஸ், அப்புறம் வீட்டுல டிவியே இல்லேன்னாலும் வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம், தனித்தனியா கட்டாம ஒரே ஃப்ளாட்ல இருக்குறவங்க பிரிச்சுக்கோங்க. மிச்சத்துல சாப்பாடு. பத்தாம வேலைக்குப் போகணும்னா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள், இல்ல 280 அரை நாள்னு கணக்கு, 2024 மார்ச்சுக்கு முன்னாடி 120தான் இருந்துச்சு. எனக்கு ஒரு கிடங்குல சனிக்கிழமை காலைல ஆறு மணி ஷிஃப்ட். ரெண்டு மணிக்கு முடியும், வந்து ஹாஸ்டல் வாஷிங் மெஷின்ல ஸ்லாட் பிடிச்சு துணி போட்டு, ஞாயிறு கடை இல்லங்குறதுக்காக ஊரே கியூல நிக்கிற சூப்பர்மார்க்கெட்ல நாமளும் நின்னு, ரூமுக்கு வந்தா ஏழு மணி. நம்ம வீக்கெண்ட்ல பாதி அங்கயே காலி. மிஞ்சுறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, ஊரு பூட்டிக் கிடக்கும், பர்ஸும் காலி, ரூம்ல உக்காந்தா வீட்டு ஞாபகம் வந்து மண்டை காயும், அதுவும் நவம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும்.

அங்கதான் ரயில் டிக்கெட் வந்து காப்பாத்துச்சு. 2023 மே மாசம் டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒன்னு விட்டாங்க, மாசம் 49 யூரோ, நாடு முழுக்க டவுன் பஸ், ட்ராம், லோக்கல் ரயில் எல்லாத்துலயும் போகலாம், வேகமா போற ஐ.சி.ஈ. மாதிரி ரயில் மட்டும் ஆகாது. 2025ல 58 ஆச்சு, 2026ல 63. ஆனா நிறைய யூனிவர்சிட்டில அதுல அறுபது சதவீத விலைக்கு செமஸ்டர் ஃபீஸோடவே சேர்த்து வாங்கிடுவாங்க, நீங்க வேணாம்னாலும் அது உங்க பாக்கெட்ல இருக்கும். காசு ஏற்கனவே கட்டியாச்சு, அப்புறம் ஞாயித்துக்கிழமை ரூம்ல இருந்தாத்தான் நஷ்டம்.

நடக்குறதுலேர்ந்து ஆரம்பிங்க. வால்ஸ் தாண்டி ஒரு குன்று இருக்கு, 322 மீட்டர், நம்ம திருப்பரங்குன்றம் மாதிரி சும்மா ஏறிடலாம். ஐரோப்பாப் பக்கம் இருக்குற நெதர்லாந்துல அதான் உசரமான இடமாம், அதுக்கே போர்டு வச்சு போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க. உச்சில ஒரு கல்லு, அங்க ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூணும் சேருது. கல்லச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தா மூணு நாடு முடிஞ்சுது, கோவில் பிரகாரம் மாதிரி மூணு சுத்து சுத்தினோம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், 1920 வரைக்கும் இங்க நாலு எல்லை சேர்ந்துச்சு. மோரெஸ்னெட்னு ஒரு துண்டு நிலம், அதுல துத்தநாகச் சுரங்கம் இருந்ததால யாருக்குன்னு சண்டை முடியாம 1816லேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல பொதுவா விட்டு வச்சிருந்தாங்க. வரப்புத் தகராறு எல்லா ஊர்லயும் ஒன்னுதான்.

அடுத்தது சைக்கிள். பழைய சைக்கிள் ஒன்னு கையில இருந்தா ஃபென்பான் பாதைல போங்க. பழைய ரயில் தடத்த சைக்கிள் ரோடா மாத்தினது, ஆகன்ல ஆரம்பிச்சு பெல்ஜியம் வழியா லக்சம்பர்க் வரைக்கும் 125 கிலோமீட்டர். ரயில் போன தடம்ங்குறதால செங்குத்து ஏத்தமே கிடையாது, தம் கட்டி மிதிக்க வேணாம். முதல் உலகப் போருக்கு அப்புறம் இந்தத் தடத்த பெல்ஜியம் கைல குடுத்துட்டாங்க, அதனால சில இடத்துல ரெண்டு பக்கமும் ஜெர்மனி வீடு, நடுவுல நாம ஓட்டுற அந்தப் பட்டை மட்டும் பெல்ஜியம். நாங்க நாலு பேரு மோன்ஷாவ் வரைக்கும் போறதுன்னு கிளம்பி, ரோட்கன் தாண்டினதும் எனக்கு பஞ்சர். ஞாயித்துக்கிழமை. எந்தக் கடை திறந்திருக்கும்? பெல்ஜியத்துல உருட்டி, ஜெர்மனில உக்காந்து, மறுபடி பெல்ஜியத்துல உருட்டினேன். கடைசில வழில போன ஒரு தாத்தா நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாம அவர் பைலேர்ந்து பேட்ச் எடுத்து ஒட்டிக் குடுத்துட்டு, "ஸோ"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ட்டாரு. இந்த ஊர்க்காரங்க சிரிச்சுப் பேச மாட்டாங்கன்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா நிறுத்துவாங்க.

லக்சம்பர்க் கதை தான் எங்க குரூப்ல இன்னும் ஓடுது. அங்க 2020 பிப்ரவரி 29லேர்ந்து நாடு முழுக்க பஸ், ட்ராம், ரயில் எல்லாம் ஃப்ரீ, ஃபர்ஸ்ட் கிளாஸ் தவிர. எல்லை வரைக்கும் நம்ம டிக்கெட், அதுக்கு மேல அவங்க செலவு, இத விட்டா முட்டாள்னு 2024ல ஒரு ஞாயிறு விடிகாலைல கிளம்பினோம். ஆகன்லேர்ந்து கொலோன், அங்கேர்ந்து ரைன் நதி ஓரமா கோப்ளென்ஸ், அங்க மாறி மோசல் நதி ஓரமா ட்ரியர். ரெண்டு பக்கமும் மலைச்சரிவுல திராட்சைத் தோட்டம் படிக்கட்டு மாதிரி ஏறும், கோஹெம் ஊர் கிட்ட நாலு கிலோமீட்டருக்கு மேல ஒரு குகைப்பாதை, அந்த இருட்டுல தூங்கினவங்கதான் மூணு பேரும். இங்க ரயில் சில ஸ்டேஷன்ல ரெண்டா பிரியும், முன்னாடி பாதி ஒரு ஊருக்கு, பின்னாடி பாதி வேற ஊருக்கு. ட்ரியர்ல எங்க ரயில் பிரிஞ்சு ஒரு பாதி லக்சம்பர்க் போச்சு. நாங்க இன்னொரு பாதில. முழிச்சுப் பாத்தா ஸார்ப்ரூக்கன். கதவுக்கு மேல ஸ்க்ரீன்ல போட்டிருக்கான், மைக்குல சொல்லியிருக்கான், தப்பு முழுக்க எங்களோடது.

திரும்பிப் போனா நேரம் பத்தாது. அப்பத்தான் கூட வந்த தஞ்சாவூர்க்காரன் மேப்ப பாத்துட்டு, "டேய், இங்கேர்ந்து ட்ராம் ஏறினா பிரான்ஸ்டா"ங்குறான். நிஜம்தான், ஸார்ப்ரூக்கன் ட்ராம் எல்லை தாண்டி சார்கெமின்னு ஒரு சின்ன ஊரு வரைக்கும் போகுது. வீட்டுக்கெல்லாம் "பிரான்ஸ் வந்துட்டோம்"னு மெசேஜ் போட்டாச்சு, ஈஃபில் டவர் போட்டோ அனுப்புன்னு தங்கச்சி கேக்குறா, இங்க ஒரு ஆறு, ஒரு பாலம், பூட்டின கடைங்க. அங்கயும் ஞாயிறுதானே. திறந்திருந்த ஒரு பேக்கரில நீள ரொட்டி வாங்கி, பாலத்துல உக்காந்து, பைல இருந்த ஆவக்கா ஊறுகாய் தொட்டு சாப்பிட்டுட்டு ஆறேழு மணி நேரம் ரயில்ல திரும்பி வந்தோம். லக்சம்பர்க் ரெண்டு மாசம் கழிச்சு ஒழுங்கா போனோம், பாறைய குடைஞ்சு கட்டின கோட்டை, கீழ பள்ளத்துல பழைய ஊரு, எல்லாம் அழகுதான், ஆனா அதப் பத்தி யாரும் பேசுறதில்ல.

இதுல சீரியஸான விஷயம் ஒன்னு. பாஸ்போர்ட்டும் ரெசிடன்ஸ் கார்டும் எப்பவும் கூட இருக்கணும். 2024 செப்டம்பர் 16லேர்ந்து ஜெர்மனி எல்லா தரை எல்லைலயும் செக்கிங் போடுது, பஸ்ஸுல ஏறி நம்ம கலர்ல இருக்குறவங்கள முதல்ல கேக்குறாங்கன்னு எனக்குத் தோணும், கேட்டா காட்டணும், அவ்ளோதான். போன்ல போட்டோ இருக்குன்னு சொன்னா ஆகாது.

இப்ப ஹாம். இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். ஆகன்ல ஆர்.ஈ. 1னு ஒரு ரயில் கிளம்பும், கொலோன், டுசல்டார்ஃப், எஸ்ஸன், டார்ட்மண்ட்னு போய் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் கழிச்சு அதோட கடைசி ஸ்டேஷன் ஹாம். அந்த ஊரு ஓரத்துல ஊன்ட்ராப்னு ஒரு தொழிற்பேட்டை, பெரிய பெரிய ஷெட்டு, லாரி, அதுக்கு நடுவுல 17 மீட்டர் கோபுரம், பொம்மையெல்லாம் கலர் அடிச்சு, நம்ம ஊர்ல இருக்குற மாதிரியே. ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில். எண்பதுகள்ல போர் விரட்டி வந்த ஈழத்தமிழர்கள் சின்னதா ஒரு இடத்துல வச்சுக் கும்பிட ஆரம்பிச்சு, 2002ல இந்தக் கோவில் கும்பாபிஷேகம் ஆச்சு. நான் போனது தேர் அன்னைக்கு. ஜெர்மன் ரோட்டுல தேரு வருது, ஆயிரக்கணக்குல ஜனம், காவடி, பால்குடம், தேங்காய் உடைக்கிற சத்தம், ஓரத்துல போலீஸ்காரங்க அமைதியா டிராஃபிக்க திருப்பி விடுறாங்க. தீர்த்தத்துக்கு பக்கத்துல ஓடுற கப்பல் கால்வாய்க்குத்தான் அம்மன் போவா.

எட்டு மாசமா வீட்டத் தவிர வேற பெரியவங்க யார்கிட்டயும் தமிழ்ல பேசாதவன் நான். கியூல நிக்கும்போது ஒரு அம்மா, எங்க பெரியம்மா வயசு இருக்கும், "தம்பி எந்த இடம் உங்களுக்கு?"ன்னாங்க. மதுரைங்க, ஆகன்ல படிக்கிறேன்னு சொன்னேன். "அவ்வளவு தூரத்தில இருந்தோ வாறியள்? சாப்பிட்டிட்டீங்களோ?" இல்லங்கம்மான்னேன். "முதல்ல போய் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்." பந்தில சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. ரெண்டாவது தடவை போட வந்தவரு "வெக்கப்படாம சாப்பிடுங்கோ தம்பி"ன்னு கரண்டியோட நிக்கிறாரு, எனக்கு தொண்டைல ஏதோ அடைக்குது, குழம்பு காரம்னு சொல்லிட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா தேடி வந்து நாலு வடை டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, "ரயிலுக்கு வச்சிருங்கோ"ன்னு குடுத்தாங்க. அவங்க பேரக் கூட நான் கேக்கல.

பாரிஸ், ஸ்விட்சர்லாந்து கேட்டீங்கல்ல? பாரிஸ் ஒரு தடவ நைட் பஸ்ல போனேன், பஸ்லயே தூங்கி, பகல் முழுக்க நடந்து, கால் வீங்கி, அடுத்த ராத்திரி பஸ்ல திரும்பி திங்கக்கிழமை கிளாஸ்ல தூங்கினேன். ஒரு தடவ போகலாம், தப்பில்ல. ஸ்விட்சர்லாந்து சம்பளம் வந்ததுக்கு அப்புறம் போங்க. ஊர்லேர்ந்து யாராவது உங்களப் பாக்க வந்தா ஆகன்லயே ரெண்டு இடம் போதும், ஒன்னு பேரரசர் கார்ல் (நம்ம புத்தகத்துல சார்லமேன்) கட்டி அவரையே அடக்கம் பண்ணின பெரிய சர்ச், 1978ல யுனெஸ்கோ முதல் லிஸ்ட்லயே அது இருந்துச்சு. இன்னொன்னு எலிசன்ப்ரூனன், சுடு தண்ணி ஊத்து, கந்தகம், கிட்டப் போனாலே அழுகின முட்டை நாத்தம், எதுவும் சொல்லாம கூட்டிட்டுப் போய் அவங்க மூஞ்சியப் பாருங்க.

கடைசியா உங்க டிக்கெட் விஷயம். அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குறேன்னு எழுதியிருக்கீங்க. 2026ல அக்டோபர் 3 சனிக்கிழமை வருது, அடுத்த நாள் ஞாயிறு. எனக்கு ஆன அதே ரெண்டு நாள். அதனால ரூம் சாவி வாங்கின கையோட, பெட்டியக் கூட பிரிக்காம, ராத்திரி கடை சாத்துறதுக்குள்ள ஓடிப் போய் அரிசி, பால், பிரெட் வாங்கிடுங்க. பெட்டில புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் நல்லா இறுக்கி மூடி வைங்க. நெய், பால்கோவா, கருவாடு போட்ட தொக்கு எதுவும் அம்மா எவ்ளோ கெஞ்சினாலும் வேணாம், பால் ஐட்டம், கறி ஐட்டம் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு வர விட மாட்டாங்க, கருவாட்டுக்கு வர்ற வாசத்துக்கு ஹாஸ்டல்ல விட மாட்டாங்க. கடைக்கு லேட் ஆயிடுச்சுன்னா பயப்படாதீங்க, ஆகன்லேர்ந்தே வால்ஸுக்கு பஸ் இருக்கு. பாஸ்போர்ட் எடுத்துக்கோங்க, வெங்காயத்துக்குப் பை எடுத்துக்கோங்க.